கார்டு கடனை வேறு கார்டுக்கு மாற்றுவதற்கு முன்னால்

காரைக்குடிப் பக்கம் நிறையப் பேர் இப்போது கேட்கிறார்கள், ஒரு பேங்க் கார்டில் இருக்கும் பாக்கியை இன்னொரு பேங்க் கார்டுக்கு மாற்றலாமா என்று. மாற்றலாம் அண்ணே, ஆனால் கணக்குப் போட்டுவிட்டு மாற்றுங்கள்.

நம்ம ஊர் கல்லுக்கட்டிப் பக்கம் ஒருத்தர் மூன்றரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் வாங்குவோமா? கிரெடிட் கார்டில் பாக்கி வைத்தால் பல கார்டுகளில் அதே மூன்றரைதான். ஒரு லட்சத்துக்கு மாதம் 3,500 வட்டி, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 630, ஆக 4,130. மினிமம் டியூ, அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டவேண்டிய தொகை என்று 5,000 கட்டினால் அசலில் குறைவது வெறும் 870 ரூபாய், இதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

மாற்றும்போது 2 சதவீதம் கட்டணம் என்றால் வரியோடு 2,360. ஆறு மாதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி என்று சலுகை கிடைத்தால், முதல் மாதத்தில் வரியோடு 1,180தான். லாபம்தான், சரி. ஆனால் சலுகைக் காலம் முடிந்ததும் மிச்சப் பாக்கிக்குப் புதுக் கார்டின் வழக்கமான வட்டி ஏறும், அதனால் பாக்கியை ஆறால் வகுத்து அந்தத் தொகையை மாதாமாதம் கட்ட முடியுமா என்று முதலில் பாருங்கள். மாற்றிய கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள், பாக்கி இருக்கும்வரை பெரும்பாலும் புதுச் செலவுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

அப்புறம், பாக்கி தீர்ந்த பழைய கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 7 வேலை நாளில் மூடாவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் பேங்க் உங்களுக்குத் தரவேண்டும், இது 2022இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி.

வீட்டில் நகை இருந்தால் பேங்க் நகைக்கடன் வட்டியையும் விசாரியுங்கள், பல நேரம் இதைவிட அதுதான் மலிவு.