பேருந்தில் தள்ளியது யார்?

சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆறு ஆண்டுகள் இயந்திரவியல் விரிவுரையாளராக இருந்துவிட்டு, முனைவர் படிப்புக்காக அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்துக்குப் போகிறேன் என்றபோது, செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியப்பா, "ஏங் கண்ணு, வாத்தியார் வேலை பார்த்தவனுக்கு அந்த வேலையைப் பத்தியே இன்னொரு படிப்பா?" என்று கேட்டார். அன்று எனக்குத் தெளிவாக விடை சொல்ல வரவில்லை. பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்விக்கென்று 2004-ஆம் ஆண்டே தனித் துறை ஏற்பட்டுவிட்டது என்பதையும், ஒரு பாடம் மாணவர் மனத்துக்குள் போய் என்னவாக மாறுகிறது என்பதை ஆராய்வதுதான் அங்கே வேலை என்பதையும் நானே அப்போதுதான் படித்து அறிந்திருந்தேன்.

வெஸ்ட் லஃபாயெட் நகரத்துக் குளிரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; ஏற்காட்டு மார்கழியில் போர்வையில்லாமல் தூங்கியவன் என்ற என் பெருமை முதல் ஜனவரியிலேயே முடிந்துபோனது. வாரத்துக்கு 20 மணி நேர உதவியாளர் பணி, அதில் வரும் உதவித்தொகை, மூன்று பேர் பகிர்ந்துகொண்ட வீடு, பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூசிய முதல் பருவம் எல்லாம் மெல்ல மெல்லப் பழகிவிட்டன. பழகாதது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான்.

எங்கள் ஆய்வில் மாணவரிடம் ஒரு கணக்கைக் கொடுத்து, மனத்தில் ஓடுவதையெல்லாம் உரக்கச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்வோம். என் முதல் பதிவைக் கேட்ட நெறியாளர், மாணவரைவிட நான்தான் அதிகம் பேசியிருக்கிறேன் என்று சிரித்தபடி சுட்டிக்காட்டினார். தவறான விடை காதில் விழுந்த இரண்டாவது நிமிடமே நான் திருத்தத் தொடங்கியிருந்தேன். ஆறு ஆண்டுகள் சம்பளம் வாங்கிச் செய்த வேலை, இங்கே தரவைக் கெடுக்கும் குற்றமாகிவிட்டது.

இயற்பியலாளர் டேவிட் ஹெஸ்டனஸும் உடன் பணியாற்றியோரும் 1992-இல் வெளியிட்ட, விசை பற்றிய புரிதலைச் சோதிக்கும் 'ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி' என்ற வினாத்தொகுப்பைப் படித்தபோதுதான் தவறான விடையின் மதிப்பு எனக்கு விளங்கியது. அதில் கணக்குப் போடும் வேலை இல்லை. ஒவ்வொரு வினாவிலும் உள்ள தவறான தெரிவுகள், மாணவர்கள் அன்றாட அனுபவத்திலிருந்து உண்மையாகவே நம்புகிறவற்றைக் கொண்டு அமைக்கப்பட்டவை. சூத்திரத்தை ஒப்பித்துத் தேர்வில் தேறுகிறவர்கள்கூட அங்கே சறுக்குவதைப் பார்த்தபோது, என் பழைய மாணவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

சென்ற கோடை விடுமுறையில் அந்த வினாக்களைப் போன்ற சிலவற்றைத் தமிழில் எழுதிக்கொண்டு சேலத்துக்கு வந்தேன். பங்கேற்பவர் எந்த நிமிடத்திலும் எழுந்து போகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக் குழு வகுத்த விதி. "பேங்க் லோனுக்கு மாதிரி கையெழுத்துக் கேக்குறீங்களே சார்" என்றான் ஒருவன். ஆனால் அவர்களில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. சார் கேட்டால் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வளர்ந்த பிள்ளைகளிடம் அந்த வரிக்கு என்ன பொருள் என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எதிர்பாராமல் கிடைத்தது ஒரு சொல். பாடநூல் விசை, வேகம், திசைவேகம் என்று கவனமாகப் பிரித்து வைத்திருக்கிறது. பேச்சிலோ "வேகமா அடிச்சான்" என்றால் பலமாக அடித்தான் என்றும் பொருள். "உருட்டிவிட்ட பந்துல இருந்த வேகம் தீர்ந்துபோச்சு, நின்னுடுச்சு" என்று ஒரு மாணவி சொன்னபோது, அவள் சொன்னது விசையையா வேகத்தையா என்று பிரிக்க முடியாமல் அந்த ஒரு வரியைப் பலமுறை கேட்டேன். நெறியாளருக்காக அதை ஆங்கிலத்தில் பெயர்க்க நான் எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும், அவளுடைய குழப்பத்தை நானே தீர்த்துவைத்ததாக ஆகிவிடும். ஆகவே தமிழ்ச் சொல்லை அப்படியே வைத்து, கீழே அரைப்பக்க விளக்கம் எழுதினேன்.

கடைசி நாளில் ஏற்காட்டைச் சேர்ந்த ஒரு மாணவன் வந்தான். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து திரும்பும்போது உடம்பு வெளிப்பக்கம் சாய்கிறதே, அது ஏன் என்று கேட்டேன். வெளியே தள்ளும் விசை ஒன்று இருப்பதாக உறுதியாகச் சொன்னான். பதிவுக் கருவியை நிறுத்தும்வரை பேசாமலிருந்தேன். பிறகு, உடம்பு நேராகப் போகவே முயல்கிறது, பேருந்துதான் அதை உள்பக்கமாகத் திருப்புகிறது என்று படம் போட்டுக் காட்டினேன். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவன் கேட்டான்: "சரி சார், அப்போ தினமும் என்னை ஜன்னல் கம்பியில இடிக்கவிட்டது யாரு?"

கருவியை மறுபடியும் இயக்கலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டேன்.