லேயில் வாசல் தெளித்தேன்

இன்று காலை பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது. மேற்கு மாம்பலத்தில் மார்கழி வந்துவிட்டது என்பதற்கு எனக்கு அதுதான் அடையாளம். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் உருகிவிடுகிற குளிர். ஆனால் போன மார்கழி நினைவுக்கு வந்து, கோலமாவுக் கிண்ணத்தோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

வங்கியில் வேலை பார்க்கும் மகளுக்கு லடாக்கிலுள்ள லே நகருக்கு மாற்றலானது. பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் போனேன். சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர்; மூச்சு பழகும்வரை படுத்தே இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் விடியுமுன் விழிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். சமையலறையிலிருந்து ஒரு வாளி தண்ணீரை எடுத்துப்போய் வாசல் தெளித்துவிட்டு, கோலமாவு எடுக்க உள்ளே திரும்பினேன்.

வெளியே தொப்பென்று சத்தம். வீட்டுக்கார அம்மாள் முற்றத்தில் விழுந்து கிடந்தார். தூக்கக் குனிந்தபோது என் விரல் தரையில் பட்டது. ஈரம் என்று நான் நினைத்தது முழுக்க வழவழவென்று கல்லாக இருந்தது. அவருடைய வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவரை எல்லோரும் அமா-லே என்றுதான் கூப்பிடுவார்கள். அமா என்றால் அம்மா. லே என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. ஒரு கடிந்த சொல் சொல்லவில்லை. மறுநாள் கட்டுப்போட்ட கையோடு வந்து, அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பிலிருந்து அள்ளிய சாம்பலை ஒரு பழைய டின்னில் என்னிடம் கொடுத்தார். இடது கையால் தூவிக் காட்டினார். சாம்பல் விழுந்த இடத்தில் கால் வழுக்கவில்லை. அன்றிலிருந்து கோலமாவுக்குப் பதில் சாம்பல்தான் தூவினேன்.

பனி சூழ்ந்த ஊரில் தண்ணீருக்கா பஞ்சம் என்று இங்கே தெருவில் கேட்கிறார்கள். பஞ்சம்தான். மழையும் பனியும் சேர்ந்து லேக்கு ஆண்டுக்கே சுமார் 100 மில்லிமீட்டர்தான். ஐப்பசி அடைமழையில் நாம் அதை ஒரே நாளில் பார்த்திருக்கிறோம். இருக்கிற தண்ணீரும் குளிரில் குழாயிலேயே உறைந்துவிடும். உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் கூடுவதால் இரும்புக் குழாயே பிளந்துவிடுகிறது. எங்கள் குளியலறைக் குழாயில் மிச்சத் தண்ணீரை வடித்துவிட மறந்திருந்தோம். பிளந்தது அப்போது தெரியவில்லை. பங்குனியில் பனிக்கட்டி உருகிச் சுவர் நனைந்த பிறகுதான் தெரிந்தது.

அதனால் குளிர்காலம் முழுக்க லாரித் தண்ணீர். லாரி ஹாரன் கேட்டதும் தெருவே குடத்தோடு ஓடும். 2019 ஜூலையில், ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த அந்த நாட்களில், நானும் இப்படித்தான் ஓடினேன். அமா-லேக்குக் கை சரியாகும்வரை அவர் குடத்தையும் நானே சுமந்தேன். அந்த உயரத்தில் பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்க வேண்டும்.

சோனம் வாங்சுக் என்ற லடாக் பொறியாளர் அங்கே ஒரு வழி கண்டிருக்கிறார். குளிர்காலத்தில் வீணாகும் ஓடைத் தண்ணீரைக் குழாய் வழியாக இறக்கி, உயரத்திலிருந்து பூவாளிபோல் சிதறவிட்டு, கோபுரமாக உறைய வைப்பது. விதைப்புக் காலத்தில் அது உருகி வயலுக்குப் பாயும். என் வாசலில் எலும்பை முறித்த அதே உறைதல்.

சித்திரை பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது ஊருக்குக் கிளம்பினேன். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது அமா-லே கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப்போனார். குழாயில் முதலில் வெறும் காற்று, பிறகு கலங்கல், பிறகு தெளிந்த தண்ணீர். வலது கையாலேயே குடத்தைப் பிடித்து நிரப்பினார்.