முட்டி போட்டு வேலை

மார்ச் 4, செவ்வாய்
டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி ஒருவர் இன்று என் பிசியோதெரபி அறைக்கு வந்தார். இடது முட்டிச் சில்லின் மேல் எலுமிச்சம்பழ அளவு வீக்கம். "மூட்டு தேய்ந்துவிட்டது என்று மருந்துக்கடையில் சொன்னார்கள் சார்." மாத்திரை அட்டை கிட்டத்தட்டக் காலி. காலை மடக்கி நீட்டச் சொன்னேன்; தாராளமாக மடங்குகிறது. மூட்டுக்குள்ளேயே நீர் கோத்திருந்தால் இப்படி மடங்காது. சில்லுக்கும் தோலுக்கும் நடுவே உராய்வைத் தாங்கும் சிறு நீர்ப்பை உண்டு. வீங்கியிருப்பது அதுதான். காய்ச்சல் இல்லை. ஆனால் தோலில் சிமெண்ட் அரித்த கீறல்கள், தொட்டால் லேசான சூடு. நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கட்டும் என்று எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். சீழ் பிடித்திருந்தால் என் பயிற்சியெல்லாம் வீண்.

மார்ச் 7, வெள்ளி
நீரில் கிருமி இல்லை, கவுட் எனும் மூட்டுவாதத்தைக் காட்டும் யூரிக் அமிலப் படிகமும் இல்லை. மருத்துவர் எழுதியது: ஐஸ் ஒத்தடம், அழுத்தக் கட்டு, சில வாரம் முட்டி போடக் கூடாது. கடைசி வரியைக் கேட்டுச் சிரித்தார். தினக்கூலிக்காரரிடம் ஓய்வெடுக்கச் சொல்வது எழுதுகிறவருக்குச் சுலபம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2010 பட்டியலில் இந்த வீக்கமும் தொழில்சார் நோய்தான். அவருடைய ஒப்பந்தக்காரருக்கு அதைப் பற்றி என்ன கவலை!

எப்படி உட்கார்ந்து ஒட்டுவீர்கள் என்று செய்து காட்டச் சொன்னேன். வலது பாதத்தை ஊன்றினார், இடது முட்டியில் முழு எடை. ரப்பர் சுத்தியலால் தட்டுகிற பாவனை. அடுத்த கல்லுக்கு முட்டியைத் தூக்கவே இல்லை, அப்படியே தேய்த்துக்கொண்டு நகர்ந்தார். இந்தத் தகவல் எந்த ஸ்கேனிலும் வராது.

மார்ச் 12, புதன்
தன் உதவியாளை அழைத்து வந்தார். குத்துக்காலிட்டு இருந்தவன் சிமெண்ட் மூட்டையோடு திரும்பி எழுந்தபோது 'மடக்' என்றதாம். இப்போது கால் முழுதாக நீளவில்லை; பாதியில் பூட்டிக்கொள்கிறது. முட்டியின் உள்பக்கம், இரண்டு எலும்புகளும் சேரும் மூட்டுக்கோட்டில் விரல் வைத்ததும் துள்ளினான். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லி யாரோ அனுப்பிவிட்டார்கள். அதில் எலும்புதானே தெரியும், எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் ஜவ்வு எங்கே தெரியும்? எம்ஆர்ஐ எடுக்கவும், அறுவை மருத்துவரைப் பார்க்கவும் எழுதிக் கொடுத்தேன். பூட்டிக்கொண்ட முட்டியைப் பயிற்சியால் திறக்க முயல்வது முரட்டுத்தனம்.

மார்ச் 24, திங்கள்
மேஸ்திரிக்கு வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. முட்டி உறை வாங்கியிருக்கிறார். பட்டை பின்தொடையை அறுக்கிறது என்று புகார். அகலப் பட்டையாக மாற்றச் சொன்னேன். முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திப் பிடிக்கும் தொடைப் பயிற்சியைத் தொடங்கினோம். கொஞ்ச நாள் சுவர் வேலையாகக் கேட்டு வாங்குங்கள், நின்றுகொண்டே ஒட்டலாம் என்றேன்.

"கீழ் இரண்டு வரிசையை யார் சார் ஒட்டுவது? அதற்குத்தான் அந்தப் பையனை வைத்திருந்தேன்."