எல்லாத்தையுமா மூடிட்டாங்க?

போன வாரம் ஐயா போனில் கேட்டது இதைத்தான், அவர் புத்தகக் குறிப்புகளில் நான் சுருக்கிப் போட்ட இணைய முகவரிகளைப் பற்றி. "ஆமாங்க ஐயா" என்றேன். "சரி, அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று அவர் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான்தான் இன்னும் அந்த இடத்திலேயே நிற்கிறேன். எல்லாவற்றையும் மூடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

2018இல் அவருடைய புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். சென்னையில் காணாமல்போன ஏரிகளைப் பற்றிய புத்தகம். குறிப்புகளில் 63 இணைய முகவரிகள். தமிழ் முகவரி என்ன பாடு படுத்தும் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிரவுசரில் லட்சணமாக 'சென்னை' என்று தெரிவது, வேர்டில் ஒட்டியதும் சதவீதக் குறியும் எண்ணும் ஆங்கில எழுத்துமாகக் கொட்டும். யூனிகோடில் 'சென்னை' ஆறு குறியீடு. கொம்புக்கும் புள்ளிக்கும் தனிக் கணக்கு. ஒவ்வொன்றும் மூன்று பைட், ஒரு பைட்டை எழுத மூன்று குறி. ஆக, மூன்றெழுத்து ஊர் 54 இடத்தை அடைத்துக்கொள்ளும். கட்டுரைத் தலைப்பே முகவரியாக இருந்தால் நாலு வரி போய்விடும். "மேடம், குறிப்பாலயே அரை ஃபாரம் கூடுது" என்றார் லேஅவுட் செய்தவர். ஃபாரம் என்பது ஒரே தாளில் சேர்த்து அச்சாகும் பக்கங்கள். அட்டையோ விலையோடு அச்சாகி வந்துவிட்டிருந்தது, இனிப் பக்கத்தைக் கூட்ட முடியாது.

நீண்ட முகவரியைக் குட்டி முகவரியாக்கித் தரும், அன்று பலரும் பயன்படுத்திய ஓர் இலவசச் சுருக்கியில் 63ஐயும் போட்டேன். ஒரு மதியத்தில் முடிந்தது. அரை ஃபாரம் மிச்சம்.

ஐயா மெய்ப்பைப் பார்த்துவிட்டு நேரில் வந்தார். "ஏம்மா, இதைப் பார்த்தா எந்தப் பத்திரிகை, எந்த ஆபீஸ்னே தெரியலையே."

"அமுக்கினா நேரா அங்க போயிடும் ஐயா."

"புத்தகத்துல எங்கம்மா அமுக்குறது?"

எல்லோரும் சிரித்தோம், அவரும்தான். அந்தச் சிரிப்பிலேயே விஷயம் முடிந்துபோனது. இப்போது நினைத்தால், அவர் கேட்டது நகைச்சுவையே இல்லை. நான் வைத்த குட்டி முகவரிகளில் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு. ஒன்று மாறினாலும் போகாது. எண் 1-ஆ, சிறிய l-ஆ, பெரிய I-ஆ என்று அச்சில் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஆனால் நாலு வரிச் சதவீதக் குறியை மட்டும் யார் தட்டச்சு செய்திருப்பார்கள்? இதை நான் இன்றைக்கும் கேட்பேன். பெரிய இடங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. எம்.எல்.ஏ. நடைக் கையேடு (நம் தொகுதிக்காரர் இல்லை, அமெரிக்காவின் நவீன மொழிச் சங்கம்) 2009இல் இணைய முகவரி கட்டாயமில்லை என்றது. 2016இல் கொடுப்பது நல்லது என்று திரும்பி வந்தது.

2019இல் அந்தச் சுருக்கி புதிய முகவரி கொடுப்பதை நிறுத்தியது. கேள்விப்பட்டேன், சும்மா இருந்தேன். இந்த இடத்தில் எனக்குச் சாக்கு எதுவும் இல்லை. 63 பக்கங்களைத் திறந்து, வலைப்பக்கங்களின் பழைய பிரதிகளைக் காத்துவைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் சேமிக்க ஒரு நாள் போதும். புத்தகம் வந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது, கையில் வேறு மூன்று புத்தகம் இருந்தது.

இப்போது இரண்டாம் பதிப்பு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். 61 போய்விட்டன, இரண்டு வேலை செய்கின்றன. ஏன் இரண்டு மட்டும் என்று தேடியபோது அறிவிப்பு கிடைத்தது. முதலில் 2025 ஆகஸ்டில் மொத்தமாக நிறுத்துவதாக இருந்தார்கள். பிறகு, 2024 கடைசியில் யாரும் பயன்படுத்தாதவற்றை மட்டும் நிறுத்துவதாக மாற்றிக்கொண்டார்கள்.

அதாவது அந்த மாதங்களில் 61 ஆதாரங்களையும் ஒருவர்கூடத் தொடவில்லை. வாசகன் சரிபார்ப்பான், சரிபார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி போட்டு நோட்டில் எழுதிவைத்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? அதனால்தான் "ஆமாங்க ஐயா." அவர் மனசு நோகக்கூடாது என்று சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் முழுசாகச் சொல்லியிருந்தால், "நீயும் ஒரு தடவைகூடப் பார்க்கலையாம்மா?" என்று கேட்டிருப்பார். எதற்குப் பயந்தேன் என்று சரியாகத் தெரியவில்லை.

பழைய மெயிலைத் துழாவியதில் மூன்றாம் இயலின் முதல் மெய்ப்பு கிடைத்தது, சுருக்காத 14 முகவரிகளுடன். ஆறு இன்னும் திறக்கின்றன. எட்டு போய்விட்டன, தளத்தைப் புதுப்பித்தபோது யாரோ பழைய பக்கங்களைத் தூக்கிவிட்டார்கள். அந்த எட்டில் மூன்று வேபேக் மெஷினில் இருந்தன. முழு முகவரி செத்தாலும் அதை அங்கே போட்டுத் தேடலாம். என் குட்டி முகவரியிலிருந்து எதைத் தேடுவது? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத் தூர்த்து நூறு வருஷம் ஆகிறது. பெயராவது அங்கே ஏதோ இருந்தது என்று சொல்கிறது. நான் பெயரையும் சேர்த்துத் தூர்த்துவிட்டேன். ஆனாலும் சுருக்காமலே விட்டிருந்தாலும் அந்த இயலில் ஐந்து போயிருக்கும். இந்தக் கணக்கை நானே போட்டு நானே ஆறுதல் பட்டுக்கொள்கிறேன்.

வேலை செய்யும் அந்த இரண்டு குட்டி முகவரியும் என்ன என்று பார்த்தேன். ஒன்று நுங்கம்பாக்கம் ஏரியைப் பற்றிய பழைய பத்திரிகைக் கட்டுரை. மற்றது ஒரு வரைபடம். யார் போனார்களோ. ஐயாவாகக்கூட இருக்கலாம்.

மெய்ப்பில் 61 இடமும் மஞ்சளாகக் கிடக்கின்றன. நோட்டை எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார்.