கொழும்பில் டெங்கு: வெள்ளவத்தை வீட்டிலிருந்து களுபோவில வார்டு வரை

வேலைக்காகக் கொழும்புக்கு வந்து குடும்பத்தோடு தங்கியிருக்கும் நம் தமிழ்நாட்டுக்காரர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். என் கணவருக்கு டெங்கு வந்து, தனியார் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல், களுபோவிலவில் உள்ள அரசு வைத்தியசாலையில் சேர்த்து, நல்லபடியாக வீட்டுக்குக் கூட்டி வந்தோம். சொந்தக்காரர்கள் யாரும் பக்கத்தில் இல்லாத ஊரில் இதெல்லாம் எப்படி நடக்கும் என்று முன்னாலேயே யாராவது சொல்லியிருந்தால் எனக்குப் பாதி பயம் குறைந்திருக்கும்.

இங்கே மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் டெங்குவும் கூடவே ஏறும், வருடக் கடைசி மழையில் இன்னொரு முறை ஏறும். 2017இல் இந்தத் தீவில் 1 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் வந்திருக்கிறது. அதனால் கொழும்பில் காய்ச்சல் என்று சொன்னாலே யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் மாடிக்கு எதிர் வீட்டில் இருக்கும் அன்ரி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பல காலமாக வெள்ளவத்தையில் இருப்பவர், என் கணவர் படுத்த அன்றே கதவைத் தட்டி, "பிள்ளை, பனடோல் மட்டும் குடுங்கோ, வேற நோவுக் குளிசை ஒண்டும் குடுக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அது சரியான பேச்சு. பாராசிட்டமோலைத் தவிர இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் எதுவும் கூடாது, அவை ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். நம் ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வருகிறோம் இல்லையா, அதில் எத்தனை பட்டையில் இந்த மருந்துகள் கலந்திருக்கின்றன என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். உடம்பு வலி தாங்கவில்லை என்று இவர் அதைத்தான் கேட்டார், நான் கொடுக்கவில்லை.

மறுநாள் காலி வீதிக்கு (Galle Road) உள்ளே ஒரு சின்ன டிஸ்பென்சரிக்குப் போனோம். பெரிய டாக்டர்களைப் பார்க்க வேண்டுமென்றால் சனல் பண்ண வேண்டும், அதாவது போனிலோ ஆப்பிலோ நேரம் பதிந்து பணம் கட்ட வேண்டும். அவர்களில் பலர் பகலில் அரசு வைத்தியசாலையில் வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் தனியாரில் உட்காருகிறவர்கள். ஆனால் காய்ச்சலுக்கு முதல் நாளே அங்கே ஓட வேண்டியதில்லை. டிஸ்பென்சரி டாக்டர், டெங்குவா என்று பார்க்கும் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், பாசிட்டிவ் என்று வந்தது. அப்புறம் அவர் சொன்னதைத்தான் நான் வரி விடாமல் எழுதி வைத்தேன்: மூன்றாம் நாளிலிருந்து தினமும் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர் வரை நீராகாரம் போக வேண்டும், அதில் வெறும் தண்ணீர் மட்டும் போதாது, செவ்விளநீர், கஞ்சி, ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல், பழச்சாறு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். சிவப்பு நிறத்திலும் காப்பி நிறத்திலும் எதுவும் கொடுக்கக் கூடாது. ஏனென்றால் வாந்தி எடுத்தால் அது ரத்தமா, குடித்த பானமா என்று தெரியாமல் போய்விடும். பீட்ரூட் சாறு போட்டு வைத்திருந்தேன், அதை நானே குடித்துவிட்டு இவருக்கு ஆரஞ்சு பிழிந்தேன்.

பிள்ளையின் பழைய கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து, இடது பக்கம் குடித்தது, வலது பக்கம் சிறுநீர் போனது என்று மணிக்கணக்கில் எழுதினேன். அளவு போட்ட பிளாஸ்டிக் ஜக் ஒன்று வாங்கிக் குளியலறையில் வைத்தேன். இதை எழுதக் கூச்சப்பட ஒன்றுமில்லை. பின்னால் வார்டில் டாக்டர் முதலில் கேட்டது இந்தக் கணக்கைத்தான்.

அம்மா மதுரையிலிருந்து போன் போட்டு நிலவேம்புக் கசாயம், பப்பாளி இலைச் சாறு என்று சொல்லிக்கொண்டே இருந்தார். டாக்டரிடம் கேட்டேன். வயிறு ஏற்கெனவே புரட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு மேல் கசப்பை ஊற்றி வாந்தி வரவழைத்தால் நாம் கொடுக்கும் நீரும் வெளியே போய்விடும், வேண்டாம் என்றார். அம்மாவிடம் அதையே சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, "சரி, கஞ்சியாவது உப்புப் போட்டுக் கொடு" என்றார்.

ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) முதலில் 1 லட்சத்து 68 ஆயிரம், அடுத்து 1 லட்சத்து 12 ஆயிரம், அப்புறம் 96 ஆயிரம். ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கினால் வார்டில் சேர்க்க வேண்டும் என்பதுதான் இங்கே நடைமுறை. கணவரின் கம்பெனி இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறது, அதனால் தனியார் ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனோம். இங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. டெங்கு சீசன், அறை இல்லை என்பது புரிகிறது, ஆனால் அதை நேராகச் சொல்லியிருக்கலாம். இன்சூரன்ஸ்காரர்களின் உத்தரவாதக் கடிதம் வர வேண்டும், முன்பணம் கட்டத் தயாராக இருங்கள், ராத்திரிக்குள் அறை காலியாகும், நாங்களே கூப்பிடுகிறோம் என்று நம்பரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரி முழுக்க போன் வரவில்லை. நான் கூப்பிட்டபோதெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவரிடம் இணைத்தார்கள்.

விடிந்தபோது காய்ச்சல் இல்லை. உடம்பு சில்லென்று இருந்தது, இவரே எழுந்து உட்கார்ந்து பசிக்கிறது என்றார். எனக்குப் பெரிய நிம்மதி. அன்ரிதான் அவர் கையைத் தொட்டுப் பார்த்து முகம் மாறினார். "பிள்ளை, காய்ச்சல் விட்டாப்பிறகுதான் கவனமாய் இருக்கோணும். கை குளிருது பாருங்கோ." கொஞ்ச நேரத்தில் அடுத்தடுத்து வாந்தி, வலப்பக்க மேல்வயிற்றில் வலி. நோட்டைப் பார்த்தால் அதிகாலையிலிருந்து சிறுநீர் மிகவும் குறைந்திருந்தது. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும், அந்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல், தலைச்சுற்றல், எங்காவது ரத்தம் கசிதல், இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனைக்காகக் காத்திருக்காமல் கிளம்பிவிட வேண்டும்.

அன்ரியின் மகன் 1990க்கு அடித்தார். அது சுவசெரிய ஆம்புலன்ஸ், இலவசம். 2016இல் இந்திய அரசின் உதவியோடு மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் தொடங்கி, பிறகு நாடு முழுக்கப் போனது. காலி வீதி நெரிசலில் எப்படி வந்தார்கள் என்று தெரியவில்லை, சீக்கிரமே வந்துவிட்டார்கள். ஏறியவுடன் பிரஷர் பார்த்தார்கள், ஊசி போட வழி செய்து வைத்தார்கள். அவர்கள் அரசு வைத்தியசாலைக்குத்தான் கொண்டு போவார்கள், எங்களுக்குப் பக்கம் களுபோவில.

அரசு ஆஸ்பத்திரி என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது உண்மை. போய்ச் சேர்ந்ததும் யாரும் முன்பணம் கேட்கவில்லை, பாஸ்போர்ட்டைக் கேட்டார்கள், பெயரை எழுதினார்கள், நேராக வார்டுக்கு அனுப்பினார்கள். கூட்டம்தான், கட்டிலுக்குக் கட்டில் நெருக்கம்தான். ஆனால் டெங்கு நோயாளிகள் எல்லோருக்கும் கொசுவலை கட்டியிருந்தார்கள். இவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடிக்கக் கூடாது என்பதற்காக. விரலில் குத்தி இரண்டு சொட்டு ரத்தம் எடுத்து, ரத்தம் எவ்வளவு கெட்டிப்பட்டிருக்கிறது என்று சில மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்தார்கள்.

ஒரு இளம் டாக்டர் தமிழில் பேசினார். நம் ஊரில் தட்டணு ஏற்றச் சொந்தக்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்துப் பழகிய நான், யாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டேன். தேவைப்பட்டால் சொல்கிறோம், எண்ணிக்கை இறங்கியதற்காக மட்டும் ஏற்றுவதில்லை, இப்போது நாங்கள் பார்ப்பது கசிவைத்தான் என்றார். எனக்குப் புதிதாக இருந்த இன்னொன்று, வீட்டில் குடி குடி என்று கொடுத்த நீரை இங்கே மணிக்கு இவ்வளவு என்று கட்டுப்படுத்தினார்கள். கசியும் நேரத்தில் அளவுக்கு மேல் போனால் அது நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்து மூச்சு முட்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. சிறுநீர் உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லிலிட்டராவது ஒரு மணி நேரத்துக்குப் போக வேண்டும், இவர் 70 கிலோ, அப்படியென்றால் 35. அந்த 35ஐ எழுதிய காகிதம் கட்டில் தலைமாட்டில் தொங்கியது. மிஸ் ஒருவர், இங்கே நர்ஸை அப்படித்தான் கூப்பிடுவார்கள், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் "வத்துர பிவ்வாத?" என்று கேட்டு, தண்ணீர் குடித்த அளவைக் குறித்துக்கொண்டு போவார். அவருக்குத் தமிழ் வராது, இவருக்குச் சிங்களம் வராது, ஜக்கைத் தூக்கிக் காட்டினால் போதும்.

ஒரே கஷ்டம், ஆண்கள் வார்டில் நான் கூட இருக்க முடியாது. நம் ஊர் ஜி.எச்.சில் ஆள் இல்லாமல் முடியாது, இங்கே மத்தியானமும் சாயங்காலமும் பார்க்கும் நேரம் வைத்திருக்கிறார்கள், மற்ற நேரம் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். தட்டு, கோப்பை, போர்வை, சோப்பு, அளவு ஜக், போன் சார்ஜர் எல்லாம் முதல் தடவையே கொண்டு போய்விடுங்கள். ராத்திரியில் இவர் மணிக்கொரு தரம் சிறுநீர் அளவை மட்டும் மெசேஜில் அனுப்புவார், 40, 30, 45 என்று. 30 வந்தபோது நான் தூங்கவில்லை. தட்டணு 21 ஆயிரம் வரை இறங்கி, ஒரு நாள் அங்கேயே நின்று, அப்புறம் மேலே வந்தது. கால்களில் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக அரிப்பு வந்தது, அது குணமாகும் அறிகுறி என்று சொல்லி டாக்டர் சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்டு, அதாவது நம் ஊர் டிஸ்சார்ஜ் சம்மரி போன்ற ஒன்று, கொடுப்பார்கள். அதை வாங்கிய இடத்திலேயே நின்று படியுங்கள். நம் பெயரில் இனிஷியல் ஒரு பக்கம், அப்பா பெயர் ஒரு பக்கம், பாஸ்போர்ட்டில் வேறு வரிசை. இவர் பெயரின் முதல் பாதிதான் கார்டில் இருந்தது, கேட்டவுடன் திருத்திக் கொடுத்தார்கள். சில பாலிசிகளில் அரசு வைத்தியசாலையில் இருந்த நாட்களுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று பணம் உண்டு. அதற்கு இந்தக் கார்டும் வெளியே எடுத்த பரிசோதனை பில்களின் அசலும் வேண்டும். எங்கள் இன்சூரன்ஸ்காரர்கள் அதற்கும் இழுத்தடித்தார்கள், உத்தரவாதக் கடிதம் தாமதமானதை எழுதி, கம்பெனி மூலம் அனுப்பிய பிறகுதான் அசைந்தார்கள்.

இவர் வீட்டுக்கு வந்த வாரத்தில் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தார். டெங்கு என்று தெரிந்தால் வைத்தியசாலை சுகாதாரப் பகுதிக்கு அறிவித்துவிடும், அவர்கள் ஆளை அனுப்புவார்கள். வெளிநாட்டுக்காரர்கள் என்பதால் விசா ஏதாவது கேட்பாரோ என்று எனக்கு உள்ளுக்குள் படபடப்பு, அதெல்லாம் ஒன்றுமில்லை. டார்ச்சை அடித்து பிரிட்ஜின் பின்னால் தண்ணீர் சேரும் தட்டு, ஏசித் தண்ணீர் விழும் வாளி, பூந்தொட்டித் தட்டு, மொட்டை மாடி மழைநீர்ப் பீலி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பாதியில் நிற்கும் கட்டடத்தின் கான்கிரீட் தளத்தில் தேங்கிய தண்ணீரில்தான் புழு நெளிந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணாடி டம்ளரில் அள்ளி அன்ரிக்கும் எனக்கும் காட்டினார், வாலை மேலே தூக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. அந்தக் கட்டடக்காரர்களுக்கு நோட்டீஸ் போனது, தண்ணீரை இறைத்து மணல் கொட்டியிருக்கிறார்கள். மழை விட்ட மறுநாள் அன்ரியின் மகனும் காவலாளி அண்ணாவும் மேலே ஏறி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறார்கள், மறுபடி தேங்கினால் பி.எச்.ஐ.க்குச் சொல்ல அவர் நம்பர் லிஃப்ட் கதவுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.