கொடுமணல் மேட்டில் ஓர் ஓட்டுச் சில்லு

மழை விட்ட பின், இன்று மாலை ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் நொய்யல் ஆற்றின் வடகரை மேட்டில் நடந்தபோது, உழுத மண்ணின் மேல் ஒரு கறுப்பு சிவப்பு மட்கல ஓட்டுச் சில்லு கிடந்தது.

எடுக்கவில்லை, கிடக்கும் இடத்தை இழந்தால் சில்லு தன் பாதிச் செய்தியை இழந்துவிடும்.

கலத்தைக் கவிழ்த்துச் சுடும்போது, காற்றுப் படாத உட்புறம் கறுக்கிறது, காற்றும் தீயும் பட்ட வெளிப்புறம் சிவக்கிறது. இத்தகைய கலங்களின் மீதுதான் பண்டைய இவ்வூரார் தமிழி எனும் பழந்தமிழ் எழுத்தில் ஆதன் போன்ற ஆட்பெயர்களைக் கீறி வைத்தனர்.

பதிற்றுப்பத்து கூறும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 1980களில் தொடங்கிய அகழாய்வுகளில், இரும்பு உருக்கிய உலைகளும், கல்மணிகளை அறுத்துத் துளையிட்டு மெருகேற்றிய தொழிலின் எச்சங்களும் வெளிப்பட்டன. மணிக்கான பச்சைக்கல் (பெரில்) அருகிலுள்ள படியூரிலேயே கிடைத்தது. சூதுபவளம் எனும் செந்நிறக் கல்லோ தொலைவிலிருந்து வந்தாக வேண்டும். கரூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் கடற்கரைக்குச் சென்ற பெருவழியில் ஊர் அமைந்திருந்ததால் அது இயன்றது.

(கோட்டையையோ கோபுரத்தையோ தேடி வருவோர் இங்கு ஏமாறுவர்.)

கொங்கு வரலாற்றை மன்னர்களிடமிருந்தே தொடங்குவது நம் வழக்கம். உலைக்களத்திலிருந்தும் மணிப் பட்டறையிலிருந்தும் தொடங்குவதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது.