நின்றது ஆறு தவணை, கூடியது பத்தொன்பது

2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கால் திருப்பூர் பனியன் கம்பெனிகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் ஆறு பவர்டேபிள் (மோட்டார் தையல் மெஷின்) போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்தேன். சனிக்கிழமை சம்பளத்துக்கே வழியில்லை. மாதக் கடைசியில் வீட்டுக் கடன் தவணை 15,214 ரூபாய் வேறு.

மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, மூன்று மாதத் தவணையை ஒத்திவைக்கலாம் என்று அறிவித்தது. வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்பினேன், அவ்வளவுதான் வேலை. (அதே வாரம் யாரோ போன் செய்து, தவணையை நிறுத்தித் தருகிறேன், ஓடிபி சொல்லுங்கள் என்றார். கட் செய்துவிட்டேன்.) மே 22-இல் இதை ஆகஸ்ட் வரை நீட்டித்தார்கள். அதற்கும் சரி என்றேன்.

மாடி வீட்டில், பனியன் கம்பெனிக்குச் செக்கிங் (தைத்த துணியில் குறை பார்க்கும்) வேலைக்குப் போகும் பெண் குடியிருந்தாள். தொழிலாளர்களிடம் ஒரு மாதம் வாடகை கேட்கக் கூடாது என்று மத்திய உள்துறை உத்தரவு இருந்தது. உத்தரவு இல்லாவிட்டாலும் கேட்டிருக்க மாட்டேன் என்று எழுத ஆசைதான். மே மாதம் கேட்டேன். "கம்பெனி தொறந்ததும் வாரா வாரம் ஐந்நூறா குடுத்தரட்டுங்களாண்ணா?" என்றாள். அப்படியே கொடுத்தும் முடித்தாள். காலண்டருக்குப் பின்னால் பென்சிலால் குறித்து வைத்த கணக்கு அது, வட்டி கிடையாது.

வங்கிக் கணக்கு வேறு மாதிரி. செப்டம்பரில் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. பிப்ரவரியில் நிலுவை 15 லட்சம், வட்டி 9 சதவீதம். மாத வட்டியே 11,250. கட்டாத ஆறு மாதமும் அது அசலில் ஏறி, ஏறியதற்கும் வட்டி சேர்ந்து 15,68,778 ஆகியிருந்தது. 180 தவணை பாக்கி இருந்த இடத்தில் 199. மேலாளரிடம் சத்தம் போட்டேன். "தள்ளுபடின்னு நாங்க எங்கங்க சொன்னோம்?" என்றார். சொல்லவில்லைதான்.

நவம்பரில், 2 கோடி வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியை மட்டும் அரசு திருப்பித் தந்தது. விண்ணப்பம் ஏதும் கேட்கவில்லை, தானாகவே கணக்கில் ஏறியது. எனக்கு 1,278 ரூபாய். மிச்சம் 67,500 வட்டி என் தலையில்தான்.

ஜனவரியில் சீட்டு எடுத்து அந்த 67,500-ஐ அசலில் கட்டினேன். தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், மாதங்களைக் குறையுங்கள் என்று கைப்பட எழுதிக் கொடுத்தேன். அப்போது பாக்கி இருந்த 195 தவணை 177 ஆனது. எழுதிக் கொடுத்ததன் நகலில் சீல் வாங்கி வைத்திருக்கிறேன்.